மனித நிறமூர்த்தங்களை வகைபிரித்தெடுத்த வரலாறு

விஞ்ஞானத்தின் வரலாறு பெரும்பாலும் கருத்துக்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. டார்வினின் கூர்ப்புக் கொள்கை, மெண்டலின் பரம்பரை விதிகள், வாற்சனும் கிறிக்கும் 1953 இல் முன்வைத்த இரட்டைச் சுருள் அமைப்பு என்பன அறியப்பட்ட அளவிற்கு, அக்கருத்துக்களைச் சோதிக்கவும் விரிக்கவும் துணைநின்ற கருவிகளின் கதை அறியப்படவில்லை. கருவி என்பது கருத்தின் ஏவலாள் என்னும் எண்ணமே இதற்குக் காரணமாகும். ஆயின், கருவி வந்த பின்னரே கேள்வி கேட்கத்தக்கதாகிய சந்தர்ப்பங்களும் உள. மனித நிறமூர்த்தங்களை ஒன்றிலிருந்து ஒன்று வேறாக்கி, ஒவ்வொரு வகையையும் தனித்தனிக் குழாயிற் சேர்த்த முயற்சி அத்தகையதாகும். குருதிக் கலங்களை அளக்கும் பொறி, மை தெளித்து எழுதும் பொறி, அணுவாயுத ஆய்வுகூடங்கள் என ஒன்றோடொன்று தொடர்பற்ற மூலங்களிலிருந்து அம்முயற்சி வளர்ந்த விதத்தையும், அது மனித குலத்திற்கு விட்டுச் சென்றதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எண்ணிக்கையிற் பிறந்த பிரச்சினை

நிறமூர்த்தங்களைப் பிரிப்பதற்கு முன்னர் அவை எத்தனை என்பது தெரிதல் வேண்டும். இந்த எளிய வினாவிற்குச் சரியான விடை கிடைக்க நெடுங்காலம் சென்றது. அமெரிக்காவின் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியோபிலஸ் பெயின்ரர் 1923 இல் மனித நிறமூர்த்தங்கள் 48 என அறிவித்தார். அதற்கு முன்னர் 46 என்ற எண்ணும் அவர் கண்ணிற்பட்டதே. எனினும் இறுதியில் 48 என்பதையே அவர் ஏற்றார். அதன் பின்னர் முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பாடநூல்கள் யாவும் அந்த எண்ணையே கூறின. பின்வந்த ஆய்வாளர் பலரும் நுணுக்குக்காட்டியில் 48 ஐயே கண்டனர்; காண வேண்டும் என எதிர்பார்த்ததையே கண்டனர் என்பது பொருந்தும்.

இத்தவறு திருந்துவதற்குத் துணைபுரிந்தவை இரு செய்முறை மாற்றங்களாகும். கலங்களைச் செறிவு குறைந்த உப்புக் கரைசலில் இட்டால் அவை நீரை உறிஞ்சிப் பருத்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும் நிறமூர்த்தங்கள் விலகிப் பரவும் என்பதை ரீ. சீ. சூ என்பார் 1952 இல் வெளியிட்டார். கொல்ச்சிசீன் என்னும் தாவரப் பொருள், பிரியும் கலங்களை அனுவவத்தையிலேயே நிறுத்திவைக்கும் என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. இவ்விரு முறைகளையும் இணைத்துச் சுவீடனின் லுண்ட் நகரிற் பணியாற்றிய ஜோ ஹின் சியோ, அல்பேட் லெவான் ஆகிய இருவரும் மனித முளையத்தின் நுரையீரற் கலங்களை ஆராய்ந்து, மனித நிறமூர்த்தங்கள் 46 என 1956 இல் நிறுவினர். சியோ யாவாத் தீவிற் பிறந்தவர். தாவர நிறமூர்த்தங்களை ஆராய்ந்து பழகியவர்.

எண் சரியானதும் நோய்கள் விளங்கத் தொடங்கின. டவுன் கூட்டறிகுறி உடைய குழந்தைகளில் 47 நிறமூர்த்தங்கள் உள்ளன என்பதைப் பரிசில் ஜெரோம் லெஜென், மார்த் கோத்தியே, றேமண்ட் துர்ப்பன் ஆகியோர் 1959 இல் வெளியிட்டனர். மேலதிகமாக இருந்த சிறிய நிறமூர்த்தம் 21 ஆவது எனப்பட்டது. பருமன் குறைந்து செல்லும் வரிசையிலேயே நிறமூர்த்தங்களுக்கு இலக்கம் இடப்பட்டது. ஆனால் 21 ஆவது 22 ஆவதிலும் சிறியது என்பது பின்னரே தெளிவாயிற்று. வழக்கில் நிலைத்துவிட்ட இலக்கம் மாற்றப்படவில்லை. கண்ணால் மதிப்பிடுவதன் எல்லைக்கு இதுவே தக்க சான்றாகும். 1960 களின் இறுதியிற் சுவீடன் அறிஞர் தோபியோன் கஸ்பேர்சனும் அவரது குழுவினரும் குயினக்கிரீன் என்னும் புளோரொளிர்வுச் சாயத்தைப் பயன்படுத்தி ஒவ்வொரு நிறமூர்த்தத்திற்கும் உரிய பட்டைக் கோலத்தைக் காட்டிய பின்னர், 24 வகைகளையும் ஐயமற இனங்காண முடிந்தது. எனினும் இனங்காண்பது வேறு, பிரித்தெடுப்பது வேறு. கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கிடக்கும் நிறமூர்த்தத்தைப் பெயர் சொல்லி அழைக்கலாம், அதன் டீ.என்.ஏ. யை எடுத்து ஆராய்வதற்கு அது போதாது.

பாயும் கலங்களும் தெறிக்கும் மையும்

கலங்களை ஒரு நுண்குழாயினூடாக வரிசையாகப் பாயவிட்டு, ஒவ்வொன்றையும் ஒளிமின் முறையால் எண்ணலாம் என்ற கருத்தை அன்ட்றூ மொல்டவன் 1934 இல் ஒரு சிறு குறிப்பாக வெளியிட்டார். அமெரிக்கரான வோலஸ் கூல்ரர் இரண்டாம் உலகப் போரின் பின்னர் வேறொரு வழியைக் கண்டார். உப்புக் கரைசலிலுள்ள கலம் ஒரு சிறு துவாரத்தைக் கடக்கும்போது அங்கு மின்தடை கணப்பொழுது கூடுகிறது. அக்கூடுதல் கலத்தின் கனவளவிற்கு ஏற்றதாகும். 1953 இல் ஆக்கவுரிமை பெற்ற இத்தத்துவம் மருத்துவ ஆய்வுகூடங்களிற் குருதிக் கலங்களை எண்ணும் பணியை முற்றாக மாற்றியது.

அணுகுண்டு உருவாக்கப்பட்ட லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்திலும் கூல்ரரின் பொறி பயன்பட்டது. கதிர்வீச்சு உயிர்க்கலங்களை எவ்வாறு பாதிக்கின்றது என்பதை ஆராய்வதற்கென அங்கு உயிரியற் பிரிவொன்று இயங்கி வந்தது. அப்பொறி செங்குழியங்களை அளந்தபோது வரைபில் இரு முடிகள் தோன்றின. செங்குழியங்கள் உண்மையிலேயே இரு பருமவகையினவா, அன்றி அது அளவீட்டின் மயக்கமா என்னும் வினா எழுந்தது. இரு பகுதியினரையும் வேறாக்கி மீண்டும் அளந்தாலன்றி விடை காண முடியாது. இதற்கு வழி தேடிய பொறியியலாளர் மக் புல்வைலர், ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் றிச்சட் சுவீற் என்பார் அமைத்திருந்த மைத்தாரைப் பொறியைப் பற்றி அறிந்தார். அப்பொறியில் அதிரும் தாரையொன்று ஒரே அளவான துளிகளாக உடைகின்றது. ஒவ்வொரு துளிக்கும் வேண்டிய அளவு மின்னேற்றம் கொடுக்கப்படுகின்றது. மின்புலத்தினூடாகச் செல்லும் துளி தன் ஏற்றத்திற்கேற்ப விலகித் தாளில் உரிய இடத்தில் விழுகின்றது. மைக்குப் பதிலாகக் கலம் தாங்கிய கரைசலையும், தாளுக்குப் பதிலாகச் சேகரிப்புக் குழாய்களையும் வைத்தால் என்ன என்பதே புல்வைலரின் சிந்தனையாகும். 1965 இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், மனிதச் செங்குழியங்களையும் எலிச் செங்குழியங்களையும் கலந்து மீண்டும் பிரித்துக் காட்டினார். பிரிக்கப்பட்ட கலங்கள் உயிருடன் தொடர்ந்து வளரக்கூடியன என்பதையும் காட்டினார். செங்குழியங்களின் இரு முடிகளோ வெறும் மயக்கம் என்பது தெரியவந்தது. ஓர் ஐயத்தைத் தீர்ப்பதற்காக எழுந்த கருவி அந்த ஐயம் மறைந்த பின்னரும் நிலைத்தது.

இதே காலத்தில் ஒளியைக் கொண்டு அளக்கும் முறைகளும் வளர்ந்தன. ஜேர்மனியின் மூன்ஸ்ரர் நகரில் வொல்ப்காங் கோடே 1968 இற் புளோரொளிர்வை அளக்கும் பொறியொன்றை அமைத்தார். லொஸ் அலமோசில் மாவின் வான் டில்லாவும் குழுவினரும் லேசர் ஒளியைப் பயன்படுத்திக் கலமொன்றிலுள்ள டீ.என்.ஏ. யின் அளவை மதிப்பிட்டனர். ஸ்ரான்போட்டில் லெனாட் ஹேர்சன்பேர்க் என்னும் பரம்பரையியலாளர் லொஸ் அலமோஸ் பொறியின் வரைபடங்களைப் பெற்றுச் சென்று, புளோரொளிர்வால் இனங்கண்டு துளிகளாற் பிரிக்கும் பொறியைத் தம் குழுவினருடன் 1969 இல் அறிமுகஞ் செய்தார். வரைபடங்கள் மறைத்து வைக்கப்பட்டிருப்பின் இவ்வரலாறு வேறு வழியிற் சென்றிருக்கும் என்பது குறிப்பிடத்தக்கது.

கலத்திலிருந்து நிறமூர்த்தத்திற்கு

முழுக் கலத்தை அளக்கும் பொறியால் அதனுள் அடங்கிய நிறமூர்த்தத்தையும் அளக்க முடியுமா? அனுவவத்தையில் நிறுத்தப்பட்ட கலங்களைப் பருக்கச் செய்து உடைத்தால் நிறமூர்த்தங்கள் கரைசலில் மிதக்கும். அவற்றை டீ.என்.ஏ. யுடன் பிணையும் சாயத்தால் நிறமூட்டி ஒவ்வொன்றாக லேசர்க் கதிரின் குறுக்கே செலுத்தினால், ஒவ்வொன்றும் தன்னிலுள்ள டீ.என்.ஏ. யின் அளவிற்கேற்ப ஒளிரும். கலிபோணியாவிலுள்ள லோறன்ஸ் லிவர்மூர் ஆய்வுகூடத்தில் ஜோ கிறே, அந்தனி கறானோ, வான் டில்லா ஆகியோரை உள்ளடக்கிய குழு 1975 இல் இதனைச் செய்து காட்டியது. அவர்கள் முதலில் எடுத்துக்கொண்டவை சீன ஹம்ஸ்ரர் என்னும் விலங்கின் கலங்களாகும். அவ்விலங்கிற்கு 22 நிறமூர்த்தங்களே உள்ளமையாலும் அவை பருமனிற் பெரிதும் வேறுபடுவதாலும் அது தகுந்த தொடக்கமாயிற்று. 1979 இல் அதே குழு மனித நிறமூர்த்தங்களையும் அளந்து பிரித்தது.

மனித நிறமூர்த்தங்களிற் பெரியதாகிய முதலாவதில் ஏறத்தாழ 248 மில்லியன் மூலச் சோடிகள் உள்ளன. மிகச் சிறியதாகிய 21 ஆவதில் ஏறத்தாழ 45 மில்லியன். இரண்டிற்கும் இடையே ஐந்து மடங்கிற்கு மேற்பட்ட வேறுபாடு இருப்பினும், நடுவிலுள்ளவை ஒன்றையொன்று மிக நெருங்கி நிற்கின்றன. எடுத்துக்காட்டாக, 17 ஆவதும் 18 ஆவதும் முறையே 83, 80 மில்லியன் மூலச் சோடிகளைக் கொண்டவை. ஒரு சாயத்தின் ஒளியை மட்டும் அளந்தால் இவற்றைத் தெளிவாகப் பிரிக்க இயலாது. இத்தடையைத் தாண்டுவதற்கு இரு சாயங்களும் இரு லேசர்களும் பயன்பட்டன. ஹெக்ஸ்ற் 33258 என்னும் சாயம் அடினீன், தைமீன் மூலங்கள் மிகுந்த பகுதிகளையும், குரோமோமைசின் என்னும் சாயம் குவானீன், சைற்றோசீன் மூலங்கள் மிகுந்த பகுதிகளையும் நாடிப் பிணைகின்றன. முன்னதை ஊதாக்கடந்த கதிரும் பின்னதை நீல ஒளியும் தூண்டுகின்றன. 17 ஆவது நிறமூர்த்தம் குவானீன், சைற்றோசீன் செறிந்தது. 18 ஆவது அவ்வாறன்று. ஆகவே பருமனில் ஒத்த இரண்டும் இரு அச்சுக்களைக் கொண்ட வரைபில் விலகி நிற்கின்றன. பாய்ச்சற் கருவகைப்படம் எனப்படும் இவ்வரைபில் ஒவ்வொரு வகையும் புள்ளிகளின் ஒரு தீவாகத் தோன்றும்.

எனினும் ஒரு தீவுக்கூட்டம் பிரிய மறுத்தது. 9, 10, 11, 12 ஆகிய நான்கும் 133 தொடக்கம் 138 மில்லியன் வரையான மூலச் சோடிகளைக் கொண்டவை. மூல விகிதத்திலும் ஒத்தவை. சாயங்களால் இயலாத இடத்தில் உயிரியல் கைகொடுத்தது. மனிதக் கலத்தையும் ஹம்ஸ்ரர்க் கலத்தையும் இணைத்தால் உண்டாகும் கலப்புக் கலங்கள் மனித நிறமூர்த்தங்களைச் சிறிதுசிறிதாக இழந்து, இறுதியில் ஒன்றையோ சிலவற்றையோ மாத்திரம் தாங்கி நிற்கும். 9 ஆவதை மட்டும் கொண்ட கலப்புக் கலத்தில் அதனுடன் குழம்புவதற்கு 10 ஆவதோ 11 ஆவதோ இல்லை. இவ்வாறு நான்கும் வேறாக்கப்பட்டன.

பிரித்தெடுக்கும் பணியின் பொறுமையை ஒரு சிறு கணக்கு உணர்த்தும். எட்டாவது நிறமூர்த்தம் போன்ற நடுத்தரமான ஒன்று அனுவவத்தையிற் கொண்டிருக்கும் டீ.என்.ஏ. ஒரு கிராமின் இலட்சங்கோடியிற் பத்தில் மூன்று பங்காகும். அதாவது ஒரு மைக்குரோகிராம் டீ.என்.ஏ. பெறுவதற்கு ஏறத்தாழ 32 இலட்சம் நிறமூர்த்தங்கள் வேண்டும். பொறியினூடாகச் செக்கனுக்கு 2,000 நிறமூர்த்தங்கள் செல்வதாகக் கொண்டால், அவற்றில் எட்டாவது வகை 87 அளவிலேயே இருக்கும். இழப்பு எதுவும் இன்றியே பத்து மணித்தியாலம் செல்லும். அவ்வளவு நேரமும் தாரை தளராது, லேசர் விலகாது, துளி பிறக்கும் இடம் மாறாது காத்தல் வேண்டும். ஆகவேதான் 1980 களில் லிவர்மூர் ஆய்வுகூடம் உயர் அமுக்கத்தில் இயங்கும் விரைவுப் பிரிபொறியை உருவாக்க நேர்ந்தது.

நோயும் நூலகமும்

இவ்வளவு முயற்சியால் விளைந்த பயன் யாது? முதற் பயன் பரம்பரையலகுகளின் இருப்பிடத்தை அறிதலாகும். கலிபோணியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொஜர் லீபோ, யூற் வை கான் ஆகியோரும் குழுவினரும் 1979 இல், ஈமோகுளோபினின் பீற்றாச் சங்கிலிக்குரிய பரம்பரையலகு 11 ஆவது நிறமூர்த்தத்தின் குறும்புயத்தில் உள்ளது என்பதைப் பிரித்தெடுத்த நிறமூர்த்தங்களைக் கொண்டு காட்டினர். தலசீமியா, அரிவாட்கலச் சோகை ஆகிய நோய்களின் மூலம் அப்பரம்பரையலகே என்பதால் இது வெறும் முகவரி தேடலன்று.

இரண்டாவது பயன் இன்னும் ஆழமானது. இலண்டனில் கே டேவிஸ், றொபேட் வில்லியம்சன் ஆகியோரும் கிளாஸ்கோவிற் பிரிபொறியை இயக்கிய பிறையன் யங்கும் இணைந்து, மனித எக்ஸ் நிறமூர்த்தத்தின் துண்டுகளைக் கொண்ட டீ.என்.ஏ. நூலகத்தை 1981 இல் உருவாக்கினர். இதற்கென நான்கு எக்ஸ் நிறமூர்த்தங்களைக் கொண்ட கலவழி ஒன்றை அவர்கள் தேர்ந்தமை போற்றத்தக்கது; விரும்பும் வகை இரு மடங்கு கிடைப்பதால் அயல்வகைகளின் கலப்படம் அதற்கேற்பக் குறைகின்றது. அந்நூலகத்திலிருந்து பெறப்பட்ட ஒரு துண்டு டுசேன் தசைநலிவு நோயுடன் இணைந்து கடத்தப்படுகின்றது என்பது 1982 இல் வெளியாயிற்று. இந்நோய் ஆண் குழந்தைகளை இளவயதிலேயே நடக்க முடியாதவராக்குவது. தாய் வழியாக வருவது. எப்புரதம் கெட்டுள்ளது என்பதே தெரியாத நிலையில், நோயின் இருப்பிடத்தை முதலில் நெருங்கிப் பின்னர் காரணத்தைத் தேடும் வழி அப்போது திறந்தது. 1986, 1987 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் லூயிஸ் குங்கலின் குழுவினர் அப்பரம்பரையலகையும் டிஸ்ரொபின் என்னும் அதன் புரதத்தையும் கண்டறிந்தனர். தம் மகனுக்கு நேர்ந்தது மகளின் குழந்தைக்கும் நேருமோ என அஞ்சிய குடும்பங்களுக்கு முதன்முறையாக அறிவார்ந்த விடையொன்று கூற முடிந்தது.

1983 இல் லொஸ் அலமோசும் லிவர்மூரும் இணைந்து தேசிய ஆய்வுகூடப் பரம்பரையலகு நூலகத் திட்டத்தைத் தொடங்கின. மனித நிறமூர்த்தங்கள் யாவற்றையும் இரண்டும் தம்முள் பங்கிட்டுப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனி நூலகம் அமைத்து, அவற்றைப் பொதுக் களஞ்சியத்திற் சேர்ப்பித்தன. உலகின் எம்மூலையிலுள்ள ஆய்வாளரும் அவற்றைப் பெறலாம் என்னும் ஏற்பாடு இருந்தது. பிரிபொறி இல்லாத சிறு ஆய்வுகூடங்களும் தாம் விரும்பிய நிறமூர்த்தத்தை ஆராய்வதற்கு இதுவே வழிவகுத்தது. மனித பரம்பரைத் தொகுதி முழுவதையும் வாசிக்கும் எண்ணத்தை அமெரிக்கச் சக்தித் திணைக்களம் 1986 இல் முன்னெடுத்தபோது, இந்நூலகங்களும் இவ்விரு ஆய்வுகூடங்களின் அனுபவமும் அதற்குப் பின்பலமாய் அமைந்தன. 16 ஆவது நிறமூர்த்தம் லொஸ் அலமோசின் சிறப்புப் பொறுப்பாகவும், 19 ஆவது லிவர்மூரின் பொறுப்பாகவும் ஆயின.

இந்நூலகங்களுக்கு எதிர்பாராத பயன் ஒன்றும் கிடைத்தது. ஒரு நிறமூர்த்தத்தின் நூலகம் முழுவதையும் புளோரொளிர்வுக் குறியிட்டு, கலத்திலுள்ள நிறமூர்த்தங்களின் மேல் இட்டால், அது தனக்குரிய நிறமூர்த்தத்தையே தேடிப் பிணைந்து அதனை முழுநீளமும் ஒளிரச் செய்யும். டானியல் பிங்கலும் கிறேயும் உள்ளிட்ட லிவர்மூர்க் குழுவினரும் ஜேர்மனிய ஆய்வாளரும் 1988 இல் வெளியிட்ட இம்முறை நிறமூர்த்த வண்ணமிடல் எனப்படுகின்றது. ஒரு நிறமூர்த்தத்தின் துண்டு பிறிதொன்றில் ஒட்டியிருப்பின் இரு நிறங்கள் அருகருகே தோன்றும். கேம்பிறிட்ஜில் மல்கம் பேகுசன்-ஸ்மித், நைஜல் காட்டர் ஆகியோர் இதனைத் தலைகீழாகவும் பயன்படுத்தினர். நோயாளியின் விகாரமான நிறமூர்த்தத்தையே பிரித்தெடுத்துப் பெருக்கிச் சாயமாக்கி, இயல்பான நிறமூர்த்தங்களின் மேல் இட்டனர். எங்கெங்கு ஒளிர்கின்றதோ அங்கிருந்தே அவ்விகாரத்தின் பகுதிகள் வந்தன என்பது வெளிப்படும்.

வரலாறு உணர்த்துவது

கதிர்வீச்சு நிறமூர்த்தங்களை உடைத்துத் தவறாக ஒட்டச் செய்கின்றது. அத்தகைய இடமாற்றங்களுட் பல, கலத்தை அழிக்காது பல தசாப்தங்கள் நிலைத்திருக்கும். 1990 களில், இரோசிமாவின் அணுகுண்டுத் தாக்கத்தில் உயிர்தப்பியோரின் குருதியில் அவ்விடமாற்றங்களை எண்ணுவதற்கு நிறமூர்த்த வண்ணமிடல் பயன்படுத்தப்பட்டது. 1945 இல் எவ்வாய்வுகூடத்திற் குண்டு உருவாயிற்றோ, அதே ஆய்வுகூடத்தின் உயிரியற் பிரிவிற் கருக்கொண்ட பொறியின் விளைபொருள் அக்குண்டின் வடுவை அரை நூற்றாண்டின் பின் அளந்தது. இதனைக் கழுவாய் என்று கூறுவது மிகையாகும். தற்செயல் என்று தள்ளுவதும் பொருந்தாது. அழிவின் அளவை அறிய வேண்டிய தேவையே அவ்வாய்வுகூடங்களில் உயிரியலுக்கு இடங்கொடுத்தது. விஞ்ஞானம் எவரின் பணத்தால் வளர்கின்றது என்னும் வினாவையும், அதன் பயன் எவரைச் சென்றடைகின்றது என்னும் வினாவையும் வேறுவேறாகவே கேட்டல் வேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது. முதலாவதன் விடை இங்கு இருண்டது. இரண்டாவதன் விடை, வரைபடங்களைக் கொடுத்துதவிய பொறியியலாளராலும் நூலகங்களைப் பொதுவில் வைத்த ஆய்வாளராலும் ஒளி பெற்றது.

மனித பரம்பரைத் தொகுதியின் இடைவெளியற்ற வாசிப்பு 2022 இல் வெளியாயிற்று. வை நிறமூர்த்தம் 2023 இல் நிறைவுற்றது. நீண்ட இழைகளை நேரடியாக வாசிக்கும் புதிய முறைகள் அவற்றை இயலச் செய்தமையால், மனித நிறமூர்த்தங்களைப் பிரித்து வாசிக்கும் தேவை பெரிதும் குறைந்துள்ளது. எனினும் முறை மறைந்துவிடவில்லை. செக் நாட்டின் ஒலமௌக் நகரில் ஜரொஸ்லாவ் டொலெஷெல் தலைமையிலான குழு கோதுமையின் நிறமூர்த்தப் புயங்களைப் பிரித்தெடுத்து வழங்கியதாலேயே, மனிதனுடையதிலும் ஐந்து மடங்கு பெரிய அப்பயிரின் பரம்பரைத் தொகுதியைப் பகுதி பகுதியாகப் பல நாட்டாரும் பங்கிட்டு ஆராய முடிந்தது. அதன் முதல் வரைவு 2014 இல் வெளியாயிற்று.

பெயின்ரர் தம் கண்ணை நம்பி 48 என எழுதினார். பின்வந்தோர் அவர் எழுத்தை நம்பித் தம் கண்ணை மறந்தனர். புல்வைலரோ, வரைபில் தோன்றிய இரு முடிகளை நம்பாது, பிரித்து மீண்டும் அளந்தார். அளந்ததையே ஐயுற்று மீள அளக்கும் அத்துணிவிலிருந்தே, மேலே கூறப்பட்ட நூலகங்களும் நோயறிவும் பயிரறிவும் கிளைத்தன.